மின்தூக்கியிலிருந்து ரயில் நடைமேடை வரை: பொங்கோல் வீட்டைப் பற்றி ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் உள்ள பொங்கோல் நகரத்தில், கடலூர் என்னும் இலகு ரயில் நிறுத்தத்துக்கு அருகே, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய நான்கறை வீடொன்றை மறுவிற்பனையில் வாங்கி நாங்கள் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீடு தேடும் நண்பர்கள் இன்றும் தொலைபேசியில் அழைத்து, சமையலறை எவ்வளவு அகலம், எத்தனையாவது மாடி, வாசல் எந்தத் திசை என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் ஒரு வீவக வீட்டுக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு வீட்டின் சுவர்களுக்கு வெளியே இருப்பவற்றுக்கானது என்பதை இந்த ஆறு ஆண்டுகளில் புரிந்துகொண்டேன். மின்தூக்கிக் கதவு திறப்பதிலிருந்து ரயில் கதவு மூடுவது வரையிலான அந்தச் சில நிமிடங்களே இந்த வீட்டின் மிக முக்கியமான அறை என்று சொல்வேன். அந்த அறையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியில் மின்தூக்கியில் ஏறிக் கீழே இறங்கினால், சுவர்களற்ற திறந்த கீழ்த்தளம். அங்கே கல் மேசை ஒன்றும் நான்கு இருக்கைகளும், காலையில் முதியவர்கள் சிலரும் இருப்பார்கள். கீழ்த்தளத்திலிருந்து படி எதுவும் இல்லாமல் ஒரு சாய்தளம் இறங்கி, கூரை போட்ட நடைபாதையில் சேர்கிறது. அந்த நடைபாதை அடுத்த இரண்டு புளோக்குகளின் ஓரமாகவே வளைந்து சென்று நிறுத்தத்தின் மின்தூக்கியருகே முடிகிறது. குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ ஓர் இடத்தில்கூடத் தூக்கப்பட வேண்டியதில்லை. நிறுத்தத்தில் ஏறி, டாமாய் வழியாகச் செல்லும் ரயிலைப் பிடித்தால், மூன்றாவது நிறுத்தம் பொங்கோல் நிலையம். அங்கே இலகு ரயில் மேலே வந்து நிற்கிறது, வடகிழக்குப் பாதையின் பெருவிரைவு ரயில் (எம்ஆர்டி) நிலத்துக்கு அடியில் காத்திருக்கிறது. பேருந்து முனையமும் கடைத்தொகுதியும் அதே இடத்தில் இருக்கின்றன. வாசலைப் பூட்டிய நேரத்திலிருந்து பெருவிரைவு ரயிலில் ஏறும் வரை, அவசரப்படாமல் நடந்தால், எனக்கு ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஆகின்றன.

முதல்முறை எங்களைப் பார்க்க வந்த என் அம்மா, நிறுத்தத்தின் பெயரைக் கேட்டதும் வண்டியிலேயே திரும்பிப் பார்த்து, "நம்ம கடலூரா?" என்று கேட்டார். இந்த வட்டாரத்தில் நிறுத்தங்களுக்குக் கடலையும் நீரையும் குறிக்கும் பெயர்களைப் பல மொழிகளிலிருந்தும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் தமிழுக்குக் கிடைத்த இடம் இது. பொங்கோல் நிலையத்திலிருந்து இலகு ரயில் கிழக்கு, மேற்கு என இரு சுற்றுகளாக ஓடுகிறது. எங்களுடையது கிழக்குச் சுற்று. மேற்குச் சுற்றில் சமுத்திரா என்றொரு நிறுத்தமும் உண்டு. முழங்கால் வலியால் ஊரில் கோயிலுக்குக்கூட ஆட்டோ பிடித்த அம்மா, இங்கே இரண்டாவது வாரமே துணையில்லாமல் அடுத்த நிறுத்தமான ஓயசிஸ் வரை போய், அங்குள்ள நீர்வழிக் கரையில் உட்கார்ந்துவிட்டு வரத் தொடங்கினார். நான் இந்த வீட்டுக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்தச் சாய்தளத்துக்கும் கூரைக்கும் உரியது.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்த திட்டத்தின்படி, பெருவிரைவு ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்கும், இலகு ரயில் நிறுத்தங்களைச் சுற்றி 200 மீட்டருக்கும் கூரையுள்ள நடைபாதைகள் அமைக்கப்பட்டன. 2018க்குள் நாடு முழுவதும் 200 கிலோமீட்டர் அளவுக்கு இப்படி அமைக்கப்பட்டது. அந்த 200 மீட்டர் எல்லையைத் தாண்டிக் குடியிருப்பவர்கள், தங்கள் புளோக்கின் கூரை எங்கே முடிகிறது, நிறுத்தத்தின் கூரை எங்கே தொடங்குகிறது என்பதை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையைக் கடக்கும் இடங்களில் சில அடிகள் வெட்டவெளியாக இருக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் அந்தச் சில அடிகளே காலணியை நனைக்கப் போதும்.

வீடு தேடிய நாள்களில் ஒரு முகவர் எங்களுக்கு வேறொரு வீட்டைக் காட்டி, "எம்ஆர்டிக்கு அஞ்சே நிமிஷம்" என்றார். மறுநாள் காலை 7.40 மணிக்கு, அந்தப் புளோக்கின் மின்தூக்கியருகே நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தோம். நடைமேடையை அடைய 14 நிமிடங்கள் ஆயின. அவர் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுச் சொன்னார் போலும். மின்தூக்கிக்கான காத்திருப்பு, இரண்டு சமிக்ஞை விளக்குகள், நிலையத்துக்குள் இறங்கும் நீண்ட மின்படி ஆகியவை அந்தக் கோட்டில் இல்லை. வீடு வாங்கும் எவரும் இந்தச் சோதனையை, முடிந்தால் வீட்டிலுள்ள மூத்தவரையும் அழைத்துச் சென்று, ஒருமுறை செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொங்கோலிலிருந்து வடகிழக்குப் பாதையில் பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ரயிலில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒன்பதாவது நிறுத்தமான ஃபேரர் பார்க்கில் இறங்கினால் சிராங்கூன் சாலையில் லிட்டில் இந்தியாவின் மறுமுனை. தமிழ்க் குடும்பங்கள் பல இந்தப் பாதையோரத்து நகரங்களில் வீடு பார்ப்பதற்கு இது ஒரு காரணம் என்பதை என் அக்கம்பக்கத்திலேயே பார்க்கிறேன். நகரின் விளிம்பில் குடியிருந்தும், தீபாவளிக்கு முந்தைய இரவு கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப ஒரு வாகனம் தேவைப்படாமல் இருப்பது சிறிய வசதியன்று.

இந்த வசதி எப்படி வந்தது என்று அறிந்தால்தான் இதை மற்ற நகரங்களோடு ஒப்பிட முடியும். பொங்கோல் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் மீனவர் குடியிருப்பும் இருந்த இடம். பன்றிப் பண்ணைகள் 1990 வாக்கில் முற்றிலும் அகற்றப்பட்டன. 1996இல் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங், 'பொங்கோல் 21' என்னும் திட்டத்தைத் தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். குடியிருப்புகளைப் பெரும் தொகுதிகளாகக் கொட்டாமல், நடுவே ஒரு பசுந்திடலைச் சுற்றிச் சிறு பேட்டைகளாக அமைப்பது, எந்த வீட்டிலிருந்தும் ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவுக்குள் ஓர் இலகு ரயில் நிறுத்தம் இருப்பது ஆகியவை அதன் அடிப்படை எண்ணங்கள். அதாவது வீடுகளின் அமைப்பும் தண்டவாளத்தின் வளைவும் ஒரே வரைபடத்தில், ஒரே காலத்தில் வரையப்பட்டன.

ஆனால் 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வீட்டுக்காகப் பதிவு செய்து காத்திருந்தவர்களின் வரிசை கரைந்துபோனது, கட்டி முடித்த வீடுகள் ஆயிரக்கணக்கில் விற்காமல் கிடந்தன. பதிவானவர் போதிய எண்ணிக்கையில் சேர்ந்த பிறகே கட்டத் தொடங்கும் முறை 2001இல் அறிமுகமானதற்கு இந்தச் சூழலே பின்னணி. பொங்கோலின் வீடுகள் தள்ளிப்போடப்பட்டன. ரயிலோ ஏற்கெனவே கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2003 ஜூன் 20 அன்று வடகிழக்குப் பாதை திறந்தபோது, அதன் கடைசி நிலையமான பொங்கோலைச் சுற்றிப் பெரும்பகுதி வெற்று நிலம். 2005 ஜனவரியில் கிழக்குச் சுற்று இலகு ரயில் ஓடத் தொடங்கியது. மேற்குச் சுற்றின் பாலங்களும் நிறுத்தங்களும் அதே காலத்தில் கட்டி முடிக்கப்பட்டும், பயணிகள் இல்லாததால் 2014 ஜூன் 29 வரை மூடியே கிடந்தன. அதன் ஒரு நிறுத்தமான டெக் லீ 2024 ஆகஸ்ட்டில்தான் திறந்தது. ஒரு நிறுத்தம் கட்டி முடித்த பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயணிகளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

இதை வீண்செலவு என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. அதே பாதையில் உள்ள புவாங்கோக் நிலையத்தின் கதை இந்த விவாதத்தின் மறுபக்கம். 2003இல் பாதை திறந்தபோது, சுற்றுவட்டாரத்தில் ஆள்கள் போதாது என்று அந்த நிலையத்தைத் திறக்காமல் விட்டார்கள். ரயில் நிற்காமல் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே பேருந்துக்கு நின்ற குடியிருப்பாளர்களின் மனக்குறை 2005 ஆகஸ்ட்டில் வெளிப்பட்டது. அமைச்சர் ஒருவர் வட்டாரத்துக்கு வந்தபோது, வீண்செலவைக் குத்திக்காட்டும் அடையாளமாக, அட்டையில் செய்த வெள்ளை யானைகள் நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. 2006 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது என் மனம் ஒரு பக்கமே சாய்கிறது. நிலையம் ஆள்களுக்காகக் காத்திருக்கலாம், ஆள்களை நிலையத்துக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது. பாலத்தையும் சுரங்கத்தையும் நிலம் வெறுமையாக இருக்கும்போது கட்டுவது எளிது. வீடுகள் நிறைந்த பிறகு அதே வேலையைச் செய்ய நேர்ந்தால் செலவும் கூடும், தூசும் இரைச்சலும் குடியிருப்பவர்களின் தலையில் விழும். தாமதத்தின் விலையை அவர்கள் கார் கடனாகவும், பேருந்தில் போகும் மணி நேரமாகவும் செலுத்துவார்கள்.

மேற்கே தெங்காவில் இப்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. 42,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட அந்த நகரத்தில் முதல் குடும்பங்கள் 2023இல் சாவி பெற்றன. அதற்குச் சேவை செய்ய வேண்டிய ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027 முதல் கட்டம் கட்டமாகத் திறக்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. இடைக்காலத்தில் பேருந்துதான். நகர மையத்தைக் கார்கள் இல்லாத இடமாக வைத்திருக்கும் எண்ணம் அழகானது. ஆனால் ரயில் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் வேறு வழியின்றிக் கார் வாங்கிவிட்ட குடும்பம், நிலையம் திறந்த மறுநாளே அதை விற்றுவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெங்காவில் வீடு கிடைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது, சாவி கிடைக்கும் மாதத்தையும் உங்களுக்கு அருகிலுள்ள நிலையம் திறக்கும் கட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்பதுதான்.

விலைக்கு வருகிறேன். ரயிலடியில் உள்ள வீடு உலகின் பெரும்பாலான நகரங்களில் வசதி படைத்தவர்களுக்கே கிடைக்கிறது. நிலையம் வரும் என்று தெரிந்த நாளிலேயே நிலத்தின் விலை ஏறிவிடுவதால், கூலி வேலை செய்பவரும் எழுத்தரும் ரயில் பாதையின் கடைசிக்கும் அப்பால் தள்ளப்படுகிறார்கள். சிங்கப்பூரில் இது ஓரளவு தடுக்கப்பட்டதற்குக் காரணம், நிலம் பெரும்பாலும் அரசிடம் இருந்தது. 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அதற்கு வழி செய்தது. அந்தச் சட்டத்தின்கீழ் நீண்ட காலம் சந்தை விலைக்குக் குறைவாகவே இழப்பீடு தரப்பட்டது. முழுச் சந்தை விலை 2007க்குப் பிறகே வழங்கப்படுகிறது. வீவக வீடுகளின் மலிவில், நிலத்தை விட்டுக் கிளம்பிய பண்ணைக்காரர்களுடையதும், கம்பம் எனப்படும் கிராமங்களில் வாழ்ந்தவர்களுடையதுமான பங்கு இருக்கிறது. நடைபாதையில் நடக்கும்போது இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வீடு வாங்குபவரின் கணக்கு இப்படி இருக்கிறது. வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு. மாதத் தவணை மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேமநிதியிலிருந்து தவணையைக் கட்டலாம் என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு மாதச் சம்பளத்தில் கைவைக்க வேண்டிய தேவை குறைகிறது. முதல்முறை வாங்கும் குடும்பங்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து, மேம்பட்ட வீட்டு மானியம் 2024 ஆகஸ்ட் முதல் 120,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கிடைக்கிறது. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. நான்கறை வீடு என்றால் மூன்று படுக்கையறைகளும் ஒரு வரவேற்பறையும், ஏறத்தாழ 90 சதுர மீட்டர். வாங்குவது 99 ஆண்டுக் குத்தகையைத்தான், நிலத்தை அன்று.

இருந்தும் குறை இருக்கிறது. நிலையத்தருகே மானியத்தோடு வாங்கிய வீட்டை, கட்டாயமாகக் குடியிருக்க வேண்டிய ஐந்து ஆண்டு முடிந்ததும் சந்தை விலைக்கு விற்றால், பொதுப்பணத்தில் கட்டிய ரயிலின் பயன் அந்த ஒரு குடும்பத்தின் லாபமாகிவிடுகிறது. அடுத்து வாங்குபவருக்கு அது கட்டுப்படியாகும் வீடாக இருப்பதில்லை. மறுவிற்பனையில் வாங்கிய நாங்களே அந்த 'அடுத்தவர்'. 2024 அக்டோபர் முதல் புதிய வீடுகள் 'ஸ்டாண்டர்ட்', 'பிளஸ்', 'பிரைம்' என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டு, நல்ல இடங்களில் அமையும் 'பிளஸ்', 'பிரைம்' வீடுகளுக்குப் பத்து ஆண்டுக் குடியிருப்புக் கட்டாயமும், விற்கும்போது மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தும் விதியும், வாங்குபவருக்கு வருமான வரம்பும் விதிக்கப்பட்டிருக்கின்றன. தாமதமாக வந்த திருத்தம் என்றாலும் சரியான திருத்தம் என்றே கருதுகிறேன்.

தமிழர்கள் மறந்துவிடக் கூடாத இன்னொரு விதி, 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரு புளோக்கில் இந்தியர்களும் இதர இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு என்பது வரம்பு. வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் மற்றோர் இந்தியரிடமிருந்தோ இதர இனத்தவரிடமிருந்தோ மட்டுமே வாங்க முடியும். சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் நாம் விற்கப் போனால், வாங்குவோர் வட்டம் சுருங்கிவிடும். இத்தகைய நிலையில் விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளர்களுக்கு, சில நிபந்தனைகளோடு வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாதத்தின் வரம்பு நிலையைப் பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் தேர்வு இதனால்தான் கைநழுவியது.

இலகு ரயிலைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சின்னப் பெட்டிகள், ஒன்றோ இரண்டோ இணைந்து ஓடுபவை. சில ஆயிரம் வீடுகள் இருந்தபோது போதுமானதாக இருந்த அந்த அளவு, நகரம் நிறைய நிறையப் போதாமல் போனது. முழுமையடையும்போது பொங்கோலில் 96,000 வீடுகள் இருக்கும் என்பது திட்டம். தண்டவாளத்தை இருபது ஆண்டுகளுக்கு முன்பே போட்ட தொலைநோக்கு, பெட்டிகளின் எண்ணிக்கையில் அதே அளவு தெரியவில்லை. பக்கத்து நகரமான செங்காங்குக்கும் பொங்கோலுக்குமாக இரு பெட்டி ரயில்கள் 17 வாங்கும் ஒப்பந்தம் 2021இல்தான் ஆனது. காலை எட்டு மணியை ஒட்டி நடைமேடையில் நின்றால் முதல் வண்டியில் ஏற முடியும் என்று வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. நான் 7.15க்கே இறங்கிவிடுகிறேன்.

இந்த நெரிசலுக்கு இன்னோர் அடிப்படையும் உண்டு. காலையில் எல்லோரும் ஒரே திசையில் போகிறோம். பள்ளி, பலதுறை மருந்தகம், கடை ஆகியவை நிறுத்தங்களின் அருகிலேயே அமைந்துவிட்டன. ஓயசிஸ் நிறுத்தத்தை ஒட்டியே பலதுறை மருந்தகமும் கடைகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. 2022இல் திறக்கப்பட்ட ஒன் பொங்கோல் கட்டடத்தில் உணவங்காடி நிலையமும் சமூக மன்றமும், பின்னர் நூலகமும் வந்தன. வேலையிடம் மட்டும் தெற்கே இருந்தது. வட முனையில் பொங்கோல் மின்னிலக்க வட்டாரம் எழுந்து, சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் அங்கே இடம்பெயர்ந்து, 2024 டிசம்பர் 10 அன்று வடகிழக்குப் பாதையின் நீட்சியான பொங்கோல் கோஸ்ட் நிலையமும் திறந்த பிறகு, காலையில் எதிர்த்திசையிலும் ஆள்கள் வருவதைப் பார்க்கிறேன். அந்த வட்டாரத்தில் 28,000 வேலைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. அடர்த்தியான குடியிருப்பைத் திட்டமிடுபவர்கள் ரயிலின் இரு முனைகளிலும் காலையில் இறங்குவதற்கு ஒரு காரணத்தை வைக்க வேண்டும். இங்கே இரண்டாவது முனைக்கு அது ஏறத்தாழ இருபது ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

அலுவலகம் வடகிழக்குப் பாதையிலோ அதிலிருந்து ஒரே ஒரு மாற்றத்திலோ இருக்கிறவர்களுக்கும், வீட்டில் முதியவர்களோ சிறு குழந்தைகளோ இருக்கிறவர்களுக்கும் பொங்கோலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஜூரோங் பக்கம் வேலை செய்பவர்கள் இங்கே வாங்க வேண்டாம். தீவை முழுக்கக் கடக்கும் அந்தப் பயணத்தை எந்தச் சாய்தளமும் கூரையும் ஈடுசெய்யாது. வாங்க முடிவு செய்தவர்கள், கிழக்குச் சுற்றானாலும் மேற்குச் சுற்றானாலும், பொங்கோல் நிலையத்திலிருந்து இரு பக்கத்திலும் மூன்று நிறுத்தங்களுக்குள் வீடு பாருங்கள். நடுவிலிருக்கும் நிறுத்தங்களுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் நேரம் கூடுதல். அம்மா அடுத்த மாதம் மறுபடி வருகிறார். விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம், ரயிலிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.